கொக்கிடம் வாங்கிய சோலோ

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஒத்திகையின் நடுவில் பேராசிரியர் கையைத் தூக்கி இசையை நிறுத்தி, என்னை மட்டும் உட்காரச் சொன்னார். பதினொரு பேர் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் என் மகளைவிடச் சின்னவர்கள்.

என் முறை வந்தபோது சோலோ வாசிக்க வேண்டும். தாளில் எதுவும் இருக்காது. பின்னால் பியானோவும் பாஸ் கிட்டாரும் டிரம்மும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் அந்த நிமிஷத்தில் என்ன தோன்றுகிறதோ அதை நான் சாக்ஸபோனில் வாசிக்க வேண்டும். ஜாஸ் என்றால் அதுதானாம். வாசித்தேன். "மேடம், ஸ்கேலை மேலேயும் கீழேயும் ஏத்தி இறக்குறீங்க. லாரிக்கு மூட்டை ஏத்துற மாதிரி இருக்கு. என்கிட்ட ஏதாவது சொல்லுங்க" என்றார்.

என்ன சொல்வது? இருபத்தாறு வருஷம் மெத்தை, தலையணை மொத்த வியாபாரம் செய்தவள் நான். நான் வாய் திறந்து, வாங்க வந்தவன் வெறுங்கையோடு திரும்பியதில்லை. இந்த மனுஷனிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லையாம்!

எழுதிக் கொடுங்கள், ஒரு சுரம் பிசகாமல் வாசிக்கிறேன். நுழைவுத் தேர்வில் அப்படித்தான் இடம் வாங்கினேன்.

பிப்ரவரி 4, புதன்

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. "மூட்டை ஏத்துறது நமக்குத் தெரிஞ்ச வேலைதானேம்மா, அதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி?" என்று வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. கடை இப்போது அவள் கையில். "ஒரு வருஷம்னு சொல்லித்தானே போனே? மார்ச் தேர்வுல பாஸ் பண்ணலேன்னா கோர்ஸை விட்டுட்டு காலையில கடைக்கு வந்துடணும். ஒத்துக்கிட்டது நீதாம்மா."

நான்தான். இப்படிப் பிடி விடாமல் பேச அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

மூடிப்போன ஒரு தங்கும் விடுதியின் மெத்தைகளை எட்டு வருஷத்துக்கு முன் ஏலத்தில் மொத்தமாக எடுத்தேன். குவியலுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே சாக்ஸபோன். ஊதிப் பார்த்தேன், எருமை இருமியது போல ஒரு சத்தம். என் கையில் வந்து, விற்க மனம் வராமல் போன சரக்கு அது ஒன்றுதான்.

பிப்ரவரி 6, வெள்ளி

பயிற்சி அறை. வலது சுவருக்கு அப்பால் டிரம், இடது சுவருக்கு அப்பால் ஒரு பாடகி. சத்தம் போகாமலிருக்க ஒட்டிய ஃபோம் விரல் பட்டாலே உதிர்கிறது. மூன்றாந்தரச் சரக்கு. இதை இவர்கள் தலையில் கட்டியவனை நான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

"அடுத்தவங்க வாசிக்கிறதைக் கேளுங்க, அதுக்குப் பதில் சொல்லுங்க." இன்றைய உபதேசம்.

நாலு எண்ணினால் ஒரு கட்டம். கேட்டால் அந்த எண்ணிக்கை தப்புகிறது. எண்ணினால் எதுவும் காதில் விழவில்லை. எனக்கென்ன நாலு காதா?

பிப்ரவரி 13, வெள்ளி

பியானோ வாசிக்கும் பையனுக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் கொக்கு. ஆறேகால் அடி உயரம், கழுத்தை வளைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். வகுப்பில் அவனை அடிக்க ஆளில்லை. தேர்வன்று எல்லோருக்கும் துணையாகப் பின்னணியில் பியானோ வாசிக்கப்போகிறவனும் அவன்தான்.

இன்று படிக்கட்டில் வழி மறித்தான். "அக்கா, ஒரு நிமிஷம்." நேற்றுவரை ஆன்ட்டி. விற்க வருகிறவன் வாயில் ஆன்ட்டி அக்காவாகிவிடும், எனக்குத் தெரியாதா?

"தேர்வுல மெட்டு ரெண்டு சுற்று ஓடுற அளவுக்கு சோலோ எழுதித் தரேன்க்கா. மனப்பாடம் பண்ணிடுங்க. அந்த நேரத்துல தோணின மாதிரியே இருக்கும். ரெண்டு இடத்துல தடுமாற்றம்கூட வச்சுத் தரேன்."

தடுமாற்றத்தையும் எழுதித் தருகிறானாம்! அசந்துபோய்விட்டேன்.

"உனக்கு என்ன வேணும்?"

"ஹாஸ்டல் மெத்தையில கால் வெளியில தொங்குதுக்கா. முதுகு போச்சு."

தப்பு என்று தெரியும். இரண்டு படி இறங்கினேன். மறுபடியும் ஏறினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

ஆறரை அடி நீளத்துக்கு வெட்டச் சொல்லி ஒரு மெத்தை ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. நல்ல அடர்த்தி, பத்து வருஷத்துக்குப் பள்ளம் விழாது. "இந்த நீளத்துக்கு யாரும்மா ஆர்டர் குடுத்தது?" என்று மகள் கேட்டாள். "ஒரு கொக்கு" என்றேன். முறைத்தாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கண்ணை மூடினால் அவன் எழுதித் தந்தது ஓடுகிறது. நல்ல சரக்கு. ஐந்தாம் கட்டத்தில் திக்கித் திரும்பும் இடம் இருக்கிறதே, சத்தியமாக எனக்கே தோன்றியது போல இருக்கிறது. அதுதான் எரிச்சல். எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 5, வியாழன்

சாப்பாடு அப்புறம். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

தேர்வு அரங்கில் எல்லோரும் ஒன்றாகவே உட்கார்ந்திருந்தோம். நான் நான்காவது. எனக்கு முன்னால் டிரம்பெட் வாசிக்கும் சுருட்டைத் தலைப் பையன். மெட்டு முடிந்தது, சோலோ தொடங்கினான். இரண்டாம் கட்டத்தில், எங்கேயோ கேட்டது போல இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்தாம் கட்டத்தில் திக்கித் திரும்பினான்.

என் சோலோ. சுரத்துக்குச் சுரம். என் தடுமாற்றம்கூட!

அடப்பாவி. ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறான்! பியானோவைப் பார்த்தேன். கொக்கு கழுத்தை மடித்துக் கட்டைகளுக்குள்ளேயே புகுந்துவிடுவது போல உட்கார்ந்திருந்தான். தேர்வு முடிந்ததும் விசாரித்தேன்: சுருட்டை அதற்காக ஒரு மாதமாகக் கொக்கின் துணிகளைத் துவைக்கிறானாம்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். மெட்டை வாசித்தேன், அது தாளில் உள்ளது, பயமில்லை. சோலோ வந்தது. என்னிடம் எதுவும் இல்லை. கடையைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஒரு தலையணைகூட இல்லாமல் நிற்பது போல நின்றேன். ஒரு கட்டம் போனது. இரண்டு. மூன்று. பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். நான் கொக்கையே முறைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை எங்கே போனதோ தெரியாது.

அவனுக்குத் தாங்கவில்லை போல. பியானோவில் நாலே நாலு சுரம், கெஞ்சுகிற மாதிரி. 'வாங்கக்கா, வாசிங்கக்கா' என்று காதில் விழுந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு, அவன் தந்த அதே நாலு சுரத்தைத் தூக்கிக் கீழே கீழே இறக்கி, முகத்திலேயே அடிப்பது போலத் திருப்பித் தந்தேன். இந்த விலைக்கு முடியாது போ. அவன் கொஞ்சம் ஏற்றினான். நான் இன்னும் இறக்கினேன். டிரம் வாசித்தவன் சிரித்தே விட்டான். அப்புறம் பத்துக் கட்டங்கள் போயிருக்கும், எனக்கு நினைவில்லை. இரண்டு இடத்தில் சாக்ஸபோன் கீச்சென்றது. ஒரு சுரம் சுத்தத் தப்பு. அதையே இன்னொரு முறை அழுத்தி வாசித்தேன், வேண்டுமென்றே வாசித்தது போல.

முடிந்தது. உட்கார்ந்தேன். முதுகெல்லாம் வியர்வை.

மார்ச் 6, வெள்ளி

பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். "முதல் மூணு கட்டம் ஏன் சும்மா நின்னீங்க?"

பொய் சொல்லலாம். நன்றாகவே சொல்வேன். ஆனாலும், "ஒரு சோலோவை மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன் சார். கடைசி நிமிஷத்துல அது உதவாமப் போச்சு" என்றேன்.

"யாரு எழுதினது?"

"வாங்கினது என் தப்பு சார். அதோட விடுங்க." சரக்குத் தந்தவனைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை.

மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நேத்து டிரம்பெட்டையும் கேட்டேன் மேடம். எனக்குக் காது இருக்கு. மனப்பாடத்துக்கு இங்க பூஜ்யம். ஆனா நீங்க அதை வாசிக்கலையே."

நூற்றுக்கு ஐம்பத்தொன்று போட்டிருக்கிறார். ஐம்பது பாஸ். "ஒரு மார்க் எதுக்கு சார்?" என்று கேட்டேன். "தப்பான சுரத்தை ரெண்டாவது தடவை வாசிச்சீங்க பாருங்க, அதுக்கு."

வீட்டில் மகள் மதிப்பெண் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். "பாஸ்தான்" என்றாள், கள்ள நோட்டைப் பார்த்த முகத்தோடு. "சரி, இன்னொரு வருஷம் கடை என்கிட்டயே இருக்கட்டும்."

மார்ச் 9, திங்கள்

கொக்கைப் பயிற்சி அறையில் பிடித்தேன். எழுந்து நின்றான், தலை விளக்கில் இடித்தது.

"தப்புதான்க்கா. மெத்தையைத் திருப்பி எடுத்துக்குங்க."

"ஆறரை அடி மெத்தையை இனி எந்தக் கொக்குக்குடா விப்பேன்? அதுவும் மூணு வாரம் படுத்த மெத்தை!"

"அப்போ என்ன செய்யணும்னு சொல்லுங்கக்கா."

சொன்னேன். கொஞ்சம் இழுத்தான், நான் விடவில்லை. வெள்ளிக்கிழமையை மட்டும் சனிக்கு மாற்றிக் கேட்டான், சரி என்றேன்.

முடிவானது: மெத்தை அவனுக்கே. பதிலுக்கு அடுத்த தேர்வு வரை செவ்வாய், சனி காலை ஏழு முதல் எட்டு, அவன் பியானோ, நான் சாக்ஸபோன். நாலு கட்டம் அவன், நாலு கட்டம் நான். அறையில் காகிதம், பேனா இரண்டும் கூடாது. அக்கா என்றே கூப்பிட வேண்டும்.