இரண்டாம் பட்டை

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் இதய வடிவக் கடல் முள்ளெலிக்கு 'வாய்' என்று நான் போட்ட அம்புக்குறி அதன் ஆசனவாயைக் காட்டுகிறது. ஒன்பது ஆண்டுகளாக. கூட வேலை பார்க்கும் போர்கில்ட் இன்றுதான் கவனித்தாள்.

"ஒத்வார், உங்க வீட்டுல எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் சாப்பிடுவீங்களா?"

அவள் கண்டுபிடித்துப் பெயர் சூட்டிய உயிரினங்கள் பதினொன்று. நான் பெயர் சூட்டியது என் நாய்க்கு மட்டும். எனக்கு வயது ஐம்பத்து நான்கு.

மார்ச் 9
பழைய ஜாடி ஒன்றில் அதே வகைக் கடல் முள்ளெலி. ஹார்டாங்கர் ஃபியோர்ட் என்ற கடற்கழியில் அறுநூறு மீட்டர் ஆழத்துச் சேற்றில் கிடைத்தது. முள்ளை நீக்கி லென்ஸ் வழியே பார்த்தேன். இந்த வகைக்கு முதுகில் பூவிதழ் போன்ற கோலத்தைச் சுற்றி ஒரு பட்டைதான் உண்டு. இதற்குக் குறுக்கே இன்னொன்று ஓடுகிறது, மெல்லிசாக, வழவழப்பாக.

புது இனம். சந்தேகமே இல்லை.

மார்ச் 10
தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அநாகரிகம். போர்கில்ட் பெயரை வைத்தால் அவள் அடுத்ததற்கு என் பெயரை வைக்காமலா போவாள்?

மார்ச் 12
போர்கில்ட் லென்ஸில் பார்த்தாள். "ஏதோ கீறலா இருக்கும்ப்பா. ஒத்தைய வச்சிக்கிட்டு ஆடாத. இன்னொண்ணு கொண்டா."

பொறாமை. வேறென்ன?

மார்ச் 20
கொண்டுபோனேன்! வேறு ஜாடி, சோக்னே ஃபியோர்ட். அதே பட்டை, அதே இடம், அதே சாய்வு. வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, தோத்துட்டேன். கேக் எப்போ?"

மார்ச் 27
நல்ல சேதி யாருக்கோ அவன்தானே கேக் வாங்க வேண்டும். பாதாம் கேக், மேலே சாக்லேட்டில் இரண்டு பட்டை. பதினாலு பேர். பெயரைச் சொன்னதும் போர்கில்ட் மூக்கைச் சிந்தினாள். "கிறுக்கா, என் பேரையா வச்ச?" இரண்டு துண்டு தின்றாள். மாலையில் புது இனம் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 30
முள்ளெலிகளைத் திருப்பி வைக்கப் போனேன். இரண்டு ஜாடியின் அடியிலும், போன கோடையில் சீட்டு மாற்றும்போது அவிழ்த்துப் போட்ட பழைய பெயர்ச்சீட்டு, முள்ளெலியைச் சுற்றிக் கட்டியிருந்த நூல் வளையத்தோடு. சும்மா மாட்டிப் பார்த்தேன். என் புதுப் பட்டைமேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. இரண்டிலுமே. பட்டையல்ல, இத்தனை வருஷம் நூல் அழுத்திய தடம்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டு போர்கில்டிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது.

"ரெண்டு ஃபியோர்டு, ரெண்டு ஜாடி. ரெண்டையும் ஒரே மாதிரி சாய்ச்சுக் கட்டினவன் எவன்டா?"

சீட்டுகளைத் திருப்பினேன். 1999. என் கையெழுத்து.