அக்காவின் பதினொரு நாள்

மார்ச் 4, செவ்வாய்

எக்ஸ்ரே அறையில் இன்று இருபத்தேழு பேர். "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. இடைவேளையில் சினிமா இயக்குநர் போனில் கூப்பிட்டார். என் திரைக்கதையைப் படித்துவிட்டாராம்.

"நல்லா இருக்கு மேடம். ஆனா நடுவுல ஓட்டை."

வார இறுதி வகுப்பில் எனக்குத் திரைக்கதை சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். என்னைவிட ஆறு வயது சின்னவர். முதல் வகுப்பில் அவர் சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். காட்சிக்குள் தாமதமாக நுழை, சீக்கிரம் வெளியே வா. பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் பேனாவைத் தொடாதே. உனக்குத் தெரிந்ததை எழுது.

எனக்குத் தெரிந்தது அக்காவின் கதை. இருபது வயதில் கல்லூரிக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். கதவைத் திறந்த அப்பா, "சாப்பிட்டியா?" என்றார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான். அப்போது எனக்குப் பதினாறு.

அவள் போனதையும் வந்ததையும் எழுதிவிட்டேன். நடுவில் நாங்கள் வீட்டில் தவித்ததையும் எழுதினேன். அந்தப் பதினொரு நாள் மட்டும் இல்லை.

"பார்க்கிறவன் அதுக்குத்தானே உட்கார்ந்திருக்கான்? தெரியலைன்னா உருவாக்குங்க. ஒரு பையன் இருந்தே ஆகணும். வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் வர்றாரு."

மூன்று நாள்.

மார்ச் 5, புதன்

அரை நாள் விடுப்பு போட்டு எழுதினேன். பையன் வந்துவிட்டான். ஆசை காட்டி அழைத்துப் போகிறான், ஆறாம் நாள் விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். ஏழு பக்கம், ஒரு அடித்தல்கூட இல்லை. கை தானாக ஓடியது. எங்கே இருந்தான் இவன் இத்தனை நாளாக?

சாப்பிடக் கீழே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பரிமாறினாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

மழை வந்ததும் அக்கா என் துணிகளை எடுக்க மாடிக்கு வந்திருக்கிறாள். எழுதிய பக்கங்கள் மேசைமேல் கிடந்தன. என்ன புத்தி எனக்கு! நான் வேலை முடிந்து வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாடம் நடத்திவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவள், கைப்பையைத் தோளிலிருந்து கழற்றக்கூட இல்லை.

"யாருடி இந்தப் பையன்?"

"அது... கதைக்காக அக்கா."

"கதைக்காகவா? இல்ல இத்தனை வருஷமா நீயும் இப்படித்தான் நினைச்சிட்டிருந்தியா?"

ஆமாம், நினைத்திருந்தேன். அதனால்தான் ஏழு பக்கமும் அடித்தல் இல்லாமல் வந்தது.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

போய்விட்டாள். துணியெல்லாம் மடித்து வைத்திருந்தாள்.

சாப்பிடப் போகவில்லை. ஏன் கேக்கல நான்? இருபத்தொரு வருஷம். ஒரே வீடு, ஒரே கட்டில், அப்புறம் மாடியும் கீழும். கேட்டா என்ன ஆயிருக்கும்?

எட்டு மணிக்கு அத்தானிடமிருந்து ஒரு செய்தி: "உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" அக்கா ஒருமுறை வீட்டைவிட்டுப் போனதே அவருக்குத் தெரியாது. பதில் போடவில்லை. நாளைக்கு என்ன சொல்வேன்? பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

மார்ச் 7, வெள்ளி

விடிந்ததும் அக்கா தேநீரோடு மேலே வந்தாள். உட்காரவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கையில இருந்த காசுக்கு பஸ் எது வரைக்கும் போச்சோ அங்க இறங்கினேன். அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை கிடைச்சுது. அங்கேயே பொம்பளைங்க தங்குற ரூம். என்னை யாருக்கும் தெரியாது. அதான் பிடிச்சிருந்தது. சாயங்காலம் மொட்டை மாடியில காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன், எழுந்திருன்னு சொல்ல ஆள் கிடையாது."

"அப்புறம் ஏன் வந்தே?"

"காய்ச்சல். நூத்தி மூணு. பயந்துட்டேன். அவ்ளோதான்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எழுது. ஆனா படத்துல அவ திரும்பி வர வேண்டாம்."

"அக்கா..."

"இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. அது வேற. அவ வர வேண்டாம்."

"அத்தானுக்குத் தெரிஞ்சா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மாலை. இயக்குநரின் அலுவலகத்தில் அரை மணி நேரம். பையன் இல்லை, பெட்டி மடிக்கிறாள், திரும்பி வரமாட்டாள் என்றேன்.

"இதுல என்னதாங்க நடக்குது?" என்றார் தயாரிப்பாளர்.

"ஒண்ணும் நடக்கல சார். அவளுக்கு வேண்டியதே அதுதான்."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். தயாரிப்பாளர், "பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்று யாருக்குத்தான் தெரியாது.

மார்ச் 15, சனி

அழைப்பு இல்லை.

மார்ச் 29, சனி

அழைப்பு இல்லை. அக்கா அத்தானிடம் சொல்லிவிட்டாள். எட்டு நாளாக அவர் என்னிடம் பேசுவதில்லை. அவளிடமும், "உப்பு எடு", "கதவைச் சாத்து", அவ்வளவுதான். அவர்கள் மகள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். இந்தப் பாழாய்ப்போன கதையை நான் எழுதாமலே இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 12, சனி

இயக்குநர் கூப்பிட்டார். அந்தத் தயாரிப்பாளர் விலகிவிட்டாராம். இன்னொருவர் வந்திருக்கிறார், சின்ன படமாக எடுப்பார்களாம். "முடிவை மாத்த வேண்டாம் மேடம். அவ வரலைன்னு நீங்க சொன்னதிலிருந்து எனக்கு வேற எதுவும் ஓடல."

கீழே போய்ச் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அக்கா, "ம்" என்றாள். சிவப்புப் பேனா நிற்கவில்லை. அத்தான் எழுந்து உள்ளே போனார்.

மே 18, ஞாயிறு

வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருந்தார் இயக்குநர். முதல் முறை எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பக்க எண் போடுங்கள், கேமரா எங்கே வைப்பது என்று எழுதாதீர்கள் என்றேன். யாருடைய கதையோ அவரிடம் முதலில் கேளுங்கள் என்பதும் வாய்வரை வந்தது. கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் மகள். சொல்லவில்லை.

வெளியே வந்தபோது அத்தான் காரோடு நின்றார். "ஏறு, வெயில்" என்றார் என்னிடம். எட்டு வாரத்தில் முதல் பேச்சு.

பாதி வழியில் அக்கா மகள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நீ வீட்டைவிட்டுப் போன முதல் நாள் எங்கம்மா படுத்தே?"

அத்தான் கை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.