சிவப்பிக்கு எட்டுப் பல்

மார்ச் 2

பெரிய சூட்கேஸைத் தேடிக் கார் கொட்டகைக்குப் போனேன். பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்த அழைத்திருக்கிறார்கள். வேறு ஊர், இரண்டு வருடம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போவதென்று மனதுக்குள் முடிவாகிவிட்டது, வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை. வீடு என்றால் யார்? மகள் வேலைக்கென்று வெளிநாடு போன பிறகு நானும் சர்வேயரும்தான். என் கணவரை இங்கே இப்படித்தான் எழுதுவது வழக்கம். நிலம் அளப்பது அவர் தொழில். வீட்டுக்கு வந்தால் பேச்சையும் அளந்துதான் விடுவார். நான் தனியாகப் போகிறேன் என்று சொன்னாலும் "ம்" என்பார். அந்த "ம்" வந்துவிடுமோ என்றுதான் வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

சூட்கேஸ் கிடைக்கவில்லை. தார்ப்பாயைத் தூக்கினால் சிவப்பி! கல்யாணத்துக்கு முன்பே சர்வேயர் வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. மகள் பிறந்ததும் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று ஓரங்கட்டியதுதான், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாலு டயரும் சப்பிப்போய்த் தரையோடு கிடந்தாள். சும்மா ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பிரிங் ஒன்று இடுப்பில் குத்தியது.

என்னைத் தேடி வந்த சர்வேயர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கிளட்ச்சை மிதிச்சுப் பாரேன்."

ஒரு வாரத்தில் என்னிடம் அவர் பேசிய நீளமான வாக்கியம் இது. மிதித்தேன். பெடல் தரையோடு போனது, திரும்பி வரவில்லை. எங்கள் இருவருக்கும் ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 3

காலையில் காபியை வைத்துக்கொண்டு தேடுகிறேன், ஆள் கொட்டகையில். வேலைக்குப் போகவில்லையா என்றேன். "நிலம் எங்க ஓடிடப் போகுது" என்கிறார்.

மார்ச் 7

பழைய பெட்ரோலை இறக்கினோம். வார்னிஷ் நாற்றம், தலை கிறுகிறுத்துவிட்டது. காற்று வடிகட்டியைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. பஞ்சு, நூல், மகளின் ஒற்றைச் சாக்ஸ். அவளை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினோம்.

"சாக்ஸ் கிடக்கட்டும்மா. அப்பா மூஞ்சியில என்ன அது?"

"கிரீஸ்" என்றேன்.

"உன் மூஞ்சியிலயும்தான் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு? எனக்கும் தெரியவில்லை. பிரேக், கிளட்ச், டயர் மூன்றையும் மெக்கானிக்கிடம் விட்டோம், அதிலெல்லாம் விளையாடக் கூடாது. எஞ்சின் மட்டும் எங்களுடையது. அதில் யாரும் கை வைக்கக் கூடாதென்று சர்வேயர் சொல்லிவிட்டார். நானும் ஆமாம் போட்டேன்.

மார்ச் 10

கார்புரேட்டரின் குட்டிக் குட்டி உறுப்புகளைக் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். பெட்ரோல் போகிற ஊசித் துவாரங்கள் எல்லாம் பிசின் பிடித்து அடைந்திருந்தன. பல்லின் வேரைச் சுத்தம் செய்கிற மெல்லிய கம்பிகளில் கழித்துப்போட்ட பழசு ஒரு டப்பா இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துக் குடைந்துகொண்டிருக்கையில் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். கறுப்பாக ஒழுகுகிற கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டாக்டர், எனக்கு வலி இப்பப் பரவாயில்லை."

விளக்கம் சொல்லி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சாயங்காலம் சர்வேயரிடம் சொன்னேன். சோறு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். டிவி போடவே மறந்துவிட்டோம்.

மார்ச் 14

எஞ்சின் சுற்றிவிட்டது!

எட்டு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தோம். இன்று நீளமான ஸ்பேனரை மாட்டி இருவரும் சேர்ந்து இழுத்தோம். அசையவே இல்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு இழுப்பு. விரல்கடை நகர்ந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு ஒரு முழுச் சுற்று. சர்வேயர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய் பார்க்கும் கண்ணாடியை பிளக் துவாரத்தில் விட்டுப் பார்த்தேன். சொத்தை இல்லை என்றேன். ஐம்பது வயசில் இரண்டு பேரும் கொட்டகைக்குள் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்ததை எதிர்வீட்டு வக்கீல் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

மார்ச் 16

இன்னும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் இந்த ஆட்டமே கலைந்துவிடும். சொல்லாமல் எத்தனை நாள்?

மார்ச் 20

எல்லாம் போச்சு.

பிளக் ஒயர்களைக் கழற்றும்போது நான்தான் ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் எழுதி வைத்தேன். எட்டு சிலிண்டர் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. வலது ஒன்று, வலது இரண்டு, இடது ஒன்று, இப்படி. இன்று நான் கிளினிக்கில் இருந்தபோது அவர் அதைப் பார்த்து மாட்டியிருக்கிறார். சாயங்காலம் சாவியைத் திருப்பினால் படார்! கார்புரேட்டர் வாயிலிருந்து தீ. மறுபடி திருப்பினால் மறுபடி படார். வக்கீல் கதவைத் தட்டி, "இங்க துப்பாக்கி ஏதாவது...?" என்றார்.

"ஒழுங்கா எழுதுனியா நீ?"

"நான் ஒழுங்காத்தான் எழுதுனேன். நீங்க ஒழுங்கா மாட்டுனீங்களா?"

"மாட்டத் தெரியாதவனா நான்?"

அவ்வளவுதான். ஸ்பேனரைப் போட்டுவிட்டு உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வாங்க என்றேன். "ம்."

போதும்டா சாமி. எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்? பேசாம போயிடலாம். நாளைக்கே அந்தக் கல்லூரிக்கு வர்றேன்னு சொல்லிடறேன். இவருக்கு என்ன, நான் இருந்தாலும் டிவி, இல்லைன்னாலும் டிவி. நான் மட்டும் ஏன் அழறேன்னுதான் புரியல.

மார்ச் 21

நான் ஒரு மடச்சி. அவர் ஒரு மடையர். எவ்வளவு அருமையான நாள்!

காலையில் ஒரு பெண்மணியின் வாயைப் பார்த்து, "வலது மேல், ஆறாவது, அடைக்கணும்" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பல் என் இடது கைப் பக்கம். கை அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்கு வலது என்றால் நோயாளியின் வலது. எதிரே நின்று பார்க்கிற எனக்கு அது இடது. இருபத்தைந்து வருடப் பழக்கம், சிவப்பியையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பானெட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு அவளுடைய வலதை வலது என்று எழுதியிருக்கிறேன்.

பெண்மணியிடம் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு போன் போட்டேன்.

"வலதுன்னு எழுதியிருந்ததை எந்தப் பக்கம் மாட்டுனீங்க?"

"இதென்ன கேள்வி? என் வலது கைப் பக்கம். சர்வேயர் தான் நிக்கிற இடத்துலேர்ந்துதானே அளப்பான்?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

மதியமே ஓடி வந்தேன். அந்தப் பக்கத்து நாலு ஒயரை இந்தப் பக்கம், இந்தப் பக்கத்து நாலை அந்தப் பக்கம். சாவி. ஒரு இருமல், ஒரு தும்மல், கொட்டகை முழுக்க நீலப் புகை. பிறகு, அம்மாடி, அந்த உறுமல்! தரை அதிர்கிறது, அலமாரியில் பெயின்ட் டப்பாக்கள் ஆடுகின்றன. தெருவில் இறக்கினோம். கடைசி வீடு வரை போய்த் திரும்பினோம், மறுபடி போனோம். முடி பறந்து வாயில் போகிறது. நான் கத்துகிறேன், அவர் பாடுகிறார். பாடுவார் என்பதே மறந்துபோயிருந்தது. வக்கீல் பால்கனியில் நின்று கை தட்டினார்.

தெருக்கோடியில் வண்டியை நிறுத்தியபோது சொல்லிவிட்டேன். கல்லூரி, வேறு ஊர், இரண்டு வருடம்.

எஞ்சினை அணைத்தார். "எப்போலேர்ந்து?"

"ஜூன்."

"ம்."

மார்ச் 22

சாப்பிட்டார். வேலைக்குப் போனார். கொட்டகைப் பக்கமே போகவில்லை.

மார்ச் 23

நேற்று மாதிரியே.

மார்ச் 24

சாப்பாட்டு மேஜை முழுக்கச் சாலை வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறார். பென்சில், ஸ்கேல், மூக்குக் கண்ணாடி எல்லாம் வேலை நேரத்துத் தோரணை. நான் தட்டோடு நின்றேன். அவர் நிமிரவில்லை.

"பெட்ரோலை இப்படிக் குடிக்கிறாளே. பங்க் பங்கா நின்னுதான் போகணும். மேட்டு வழி வேணாம், சூடாயிடுவா. சூட்கேஸ்தான் எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"என் பக்கத்து சீட்டுல வைக்கலாமே" என்றேன்.

"அதுல நான்ல உக்காரணும்."

"உங்க வேலை?"

"அந்த ஊர்ல நிலமே இல்லையா?" இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அதோட, வழியில நின்னுட்டா தள்ள ஒரு ஆள் வேணாமா?"

தட்டை வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டேன். அவர் திட்டவில்லை.

ஜூன் 1

முதல் நாள். வழியில் இரண்டு இடத்தில் தள்ள வேண்டியிருந்ததால் நேற்று வந்து சேரும்போதே இருட்டிவிட்டது. இடுப்பு இன்னும் வலிக்கிறது.

கல்லூரி முதல்வர் அறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். மரியாதையான மனிதர், அக்கறையோடு கேட்டார்.

"குடும்பம் பின்னாடி வருதா டாக்டர்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மரத்தடியில் சிவப்பியைச் சுற்றி மாணவர்கள் கூட்டம். நடுவே, பானெட்டுக்குள் தலையை விட்டபடி, சட்டையெல்லாம் கிரீஸோடு ஒரு ஆள் அவர்களுக்கு ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"வந்தாச்சு சார்" என்றேன்.