ஏழாம் நம்பர் கணினியின் ஃபின்லாந்துக்காரன்

அக்டோபர் 20, திங்கள்

என் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையைத் திறந்தால் எல்லாக் கணினிகளும் புதிதாய் முழித்துக்கொண்டு நிற்கின்றன. தாமாகவே அப்டேட் போட்டுக்கொண்டனவாம். என்னை ஒரு வார்த்தை கேட்டதுண்டா? என் புருஷன்கூடப் புதுச் சட்டை போட்டால் எப்படியிருக்கு என்று கேட்பார்.

மிலுடின் அண்ணன் வழக்கம்போல ஏழாம் நம்பரில் உட்கார்ந்தார். எங்கள் ஊர் பிரோத்துக்கும் பக்கத்து நகரம் நிஷுக்கும் பஸ் ஓட்டியவர். இப்போது திரையில் லாரிப் பந்தயம். வலது கை செத்துப்போனதால் இடது கையில் ஸ்டியரிங், கியர் முதற்கொண்டு மற்றதெல்லாம் காலடி மிதிகளில். மிதி சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்க ஒரு குட்டி ப்ரோகிராம் உண்டு. இன்றைக்கு அது திறக்கவில்லை. ‘தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை, திறக்க முடியாது’ என்று ஒரு பெட்டி வந்தது. முன்பெல்லாம் ‘பரவாயில்லை, திற’ என்று பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதையும் காணோம்.

யாரென்று தெரியவில்லையாம்! எனக்குத் தெரியுமே. அவர் தம்பி ஜிவ்கோ. ஜிவ்கோ ஓட்டிப்போன கார் கவிழ்ந்துதான் அண்ணனுக்குக் கை போனது. அன்றிலிருந்து பேச்சில்லை. தம்பி எழுதியது என்றால் அண்ணன் தொடமாட்டார். அதனால், ஃபின்லாந்தில் ஒரு புண்ணியவான் சும்மா கொடுக்கிறான் என்று கதை அவிழ்த்துவிட்டேன். ஏன் ஃபின்லாந்து? அன்றைக்கு நல்ல குளிர்.

முதல் தேதி நிஷ்காரர்களோடு போட்டி. அந்த ஒரு நாள்தான் ஊர் அவரை மறுபடி டிரைவர் என்று கூப்பிடும்.

அக்டோபர் 22

ஏழாம் நம்பரில் மட்டும் அப்டேட்டைப் பிடுங்கி எறிந்தேன். ப்ரோகிராம் திறந்தது! லாரி பறந்தது! காபி ஆறுவதற்குள், போட்டிப் பட்டியலில் பார்த்துவிட்டு, அதை நடத்தும் நிஷ்காரன் ஃபோன்: “ரூஷா அக்கா, அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர் போட்டியில சேராது. கள்ளாட்டத்தத் தடுக்கத்தான்.” கை போன மனுஷன் என்ன கள்ளாட்டம் ஆடுவார்? அப்டேட்டைத் திரும்பப் போட்டேன், ப்ரோகிராம் மறுபடி மூடிக்கொண்டது. போதாததற்கு, நான் கீபோர்டில் ஓட்டிப் பார்த்தால் லாரியும் திக்கித் திக்கி ஓடுகிறது — பனியில் கிளப்பிய பழைய டிராக்டர் மாதிரி.

அக்டோபர் 24

வந்தார். அண்ணன் ஏழாம் நம்பரில் சும்மா உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தார். போனார். தரையெல்லாம் தோல்.

அக்டோபர் 25

இருப்புக்கொள்ளவில்லை. ஜிவ்கோ வீட்டுக்கே போய்விட்டேன். முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான்.

“அப்டேட் போட்ட கம்பெனிக்குப் பாஸ்போர்ட் அனுப்பி, நான்தான் செஞ்சேன்னு முத்திரை வாங்கணும்க்கா. வாங்கிட்டா, புதுசா வர்ற பெட்டியில என் பேரு வரும்.”

“வரட்டுமே.”

“பேரப் பாத்தா அண்ணன் மிதியத் தொடவே மாட்டாரு.”

“இப்ப மட்டும் தொடுறாராக்கும்? விதைதான் தொடுறாரு.”

சிரித்தான். ஆனால் சரி என்று சொல்லவில்லை. மிளகாயைக் கருகவிட்டுக்கொண்டு நின்றான்.

நவம்பர் எட்டு இவர்கள் குலப் புனிதரின் நாள், ஸ்லாவா. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே புனிதர். விருந்து மட்டும் தனித்தனி. மதியம் அங்கே, சாயங்காலம் இங்கே என்று இரண்டு பந்தியிலும் உட்காருகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். வயிறு கேட்கிறதா என்ன.

அக்டோபர் 28

ஜிவ்கோ பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டானாம். பேரை ஏதாவது ஃபின்லாந்துப் பேராய்ப் போடக்கூடாதா என்று கேட்டேன். “பாஸ்போர்ட்ல உள்ளதுதான்க்கா வரும்.” அந்தக் கம்பெனிக்கு விளையாட்டே தெரியாது.

அக்டோபர் 31

முத்திரை வந்துவிட்டது. வராமலே இருந்திருந்தால்? சே, என்ன புத்தி இது. பெட்டியில் தம்பி பேரைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து போய்விட்டால் அப்புறம் என் கடைக்கே வரமாட்டார். முன்னாலேயே சொல்லிவிடவா? இரண்டு தடவை வாய் திறந்தேன். இரண்டு தடவையும் காபி வேணுமா என்றுதான் கேட்டேன்.

நவம்பர் 1, சனி

கடை நிறையக் கூட்டம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ப்ரோகிராமைத் தட்டினார். பெட்டி வந்தது.

‘தயாரித்தவர்: ஜிவ்கோ ஸ்தோயனோவ். திறக்கலாமா?’

நான் கல்லாவுக்குப் பின்னால் இல்லாத தூசியைத் துடைத்தேன். அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் நிஷ்காரர்கள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

“ஏ ரூஷா.”

“என்னண்ணே?”

“இந்த ஃபின்லாந்துக்காரனுக்கு எங்க வீட்டுப் பேர யாரு வச்சா?”

நான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அவர் இடது கையால் ‘திற’வை அழுத்தினார்.

நாலாவதாக வந்தார். கூட்டம் “டிரைவர்! டிரைவர்!” என்று கத்தியது. கோட்டை மாட்டிக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். “வளைவுல கியர் பிந்தி விழுது. அப்டேட்டுக்கு அப்புறம் ரொம்ப மோசம். அவன்கிட்டச் சொல்லு.”

“எவன்கிட்ட?”

“ஃபின்லாந்துக்காரன்கிட்ட. வேற எவன்கிட்ட?”

நவம்பர் 3

சொன்னேன். ஜிவ்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். அப்புறம் சொல்கிறான்: “மிதிய எப்பிடி அழுத்துறாருன்னு பாக்காம சரிபண்ண முடியாதுக்கா.”

“அப்போ போய்ப் பாருடா.”

“கூப்பிடலையே.”

“ஸ்லாவாவுக்கு எவன்டா எவனக் கூப்பிட்டான்? வந்தவன யாரு வெரட்டினா?”

நவம்பர் 8

இந்த வருஷம் ஸ்லாவாவுக்கு எனக்கு ஒரே பந்திதான், மதியம் அண்ணன் வீட்டில்; ஃபின்லாந்துக்காரனும் அங்கேதான். சாயங்காலம் வீட்டில் முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.