ஏரி வண்டல்

சைனிக்புரி
14 ஜூலை 2024

சௌபாக்யவதி ருக்மிணிக்கு, ஆசீர்வாதம்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது, எழுதினால் பதில் போடுகிறேன் என்றாய். எழுதிவிட்டேன். நீ பெங்களூரில் நம் பிள்ளை அச்யுத் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. சிறுநீரகக் கோளாறுக்கு செகந்திராபாத்தில் டாக்டரே இல்லையா?

தோட்டத்தில் முளைக்கீரையும் முள்ளங்கியும் மண்டிக் கிடக்கின்றன. தின்ன ஆளில்லை. ஒரு ஆளுக்கு அளவாகச் சமைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, ஒருநாள் மசியல் வைத்தால் மூன்று வேளையும் அதுதான். வாசலில் ஆட்டோ நின்றால் எட்டிப் பார்க்கிறேன். எதிர்வீட்டுக்கு யாராவது வந்திருப்பார்கள்.

பெங்களூருக்கு வருகிற நம் தெருக் குமரவேலிடம் ஒரு பை நிறையக் கீரை கொடுத்து அனுப்புகிறேன். வாடுவதற்குள் சமைத்துவிடு.

ராஜாராமன்

பெங்களூர்
2 ஆகஸ்ட் 2024

அச்யுத் அப்பாவுக்கு, நமஸ்காரம்.

கீரை வந்தது. சமைக்கவில்லை, கோபிக்காதீர்கள். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். வீட்டுத் தோட்டத்துக் கீரை என்றேன். ஒருதடவை பார்த்துவிடுவோம் என்று ப்ரியம்வதா அதில் ஒரு பிடியைப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். மருமகளைத் திட்டாதீர்கள். காட்மியம் என்ற உலோகம் அளவுக்கு மேல் இருக்கிறதாம். உடம்பில் போனால் சிறுநீரகத்தில்தான் தங்குமாம். என் வியாதிக்கு அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. இனித் தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

ஏரியைத் தூர் வாரிய வண்டலை நீங்கள் லாரியில் வரவழைத்துக் கொட்டிய அன்றே, மருந்து நாற்றம் அடிக்கிறது என்றேன். "தஞ்சாவூர்க்காரனுக்கு வண்டலப் பத்திச் சொல்லித் தராதே" என்றீர்கள். காவேரி வண்டல் வேறு, தொழிற்சாலைக் கழிவு இறங்குகிற ஏரியின் வண்டல் வேறு. தார்நாகாவில் மண் பரிசோதனை செய்கிற உங்கள் சிநேகிதர் சீதாராமனிடம் மண்ணைக் காட்டுங்கள். நீங்களும் அதைச் சாப்பிடாதீர்கள்.

ருக்மிணி

சைனிக்புரி
20 அக்டோபர் 2024

சௌபாக்யவதி ருக்மிணிக்கு, ஆசீர்வாதம்.

நல்ல சேதி. சீதாராமன் மண்ணைச் சோதித்துப் பார்த்தான். நீ எழுதியது சரிதான். நான் அம்மோனியம் சல்பேட் உரத்தை வேறு அள்ளிப் போட்டு, மண்ணில் அமிலம் ஏற்றிப் புளிக்க வைத்திருக்கிறேன். புளித்த மண்ணில் செடி காட்மியத்தை இன்னும் உறிஞ்சுமாம். "வெஷத்த வெளியில எடுக்க முடியாதுடா, மண்ணுக்குள்ளயே கட்டிப் போடலாம்" என்றான். சுண்ணாம்புத் தூள், நன்றாக மக்கிய தொழு உரம், உமிக்கரி மூன்றையும் போட்டு நானே கொத்திவிட்டேன். இடுப்பு போயிற்று. புதிதாக விதைத்த கீரையைச் சோதித்ததில் காட்மியம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, இப்போது அளவுக்குள்தான் இருக்கிறது.

அப்படியும் பக்கத்து வீட்டு சபீனா, கீரைக்கட்டை நீட்டினால் "நக்கோ அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறாள். காலையிலிருந்து ராத்திரி வரை நான் பேசுவது பால்காரனிடம் மட்டும்தான். வீடு வெறிச்சென்று இருக்கிறது, ருக்மிணி. இனிப் பயமில்லை. தீபாவளிக்கு டிக்கெட் போடட்டுமா?

ராஜாராமன்

பெங்களூர்
26 அக்டோபர் 2024

அச்யுத் அப்பாவுக்கு, நமஸ்காரம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மண்ணுக்கு என்ன வைத்தியம், எவ்வளவு தேறியது எல்லாம் இருக்கிறது. எனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. முதல் கடிதத்திலும் இல்லை. நான் நாற்றம் என்றபோது கேட்காத காது, சீதாராமன் சொன்னதும் கேட்டிருக்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக இப்படித்தான். அங்கே வர எனக்குப் பயமில்லை. ஆசைதான் இல்லை.

டிக்கெட் போடாதீர்கள். தீபாவளிக்கு வரவில்லை, அதற்குப் பிறகும் வருவதாக இல்லை. அச்யுத்திடம் சொல்லிவிட்டேன்.

சுண்ணாம்பு போட்டதோடு விட்டுவிடக் கூடாதாம். மண் மறுபடி புளித்தால் கீரையில் காட்மியம் ஏறிவிடும் என்கிறாள் ப்ரியம்வதா. வருஷா வருஷம் சோதியுங்கள். கீரையும் முள்ளங்கியும் வேண்டாம், அவரை, புடலை போடுங்கள், அவற்றில் அவ்வளவு ஏறாது. இடுப்புக்குத் தைலம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

உங்களுக்குத் தோன்றினால் இங்கே வாருங்கள். பை, கட்டு எதுவும் வேண்டாம், கையை வீசிக்கொண்டு வாருங்கள். என் எதிரில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சொல்கிறேன்.

ருக்மிணி