நக அளவு கரி

இந்தக் கம்பி என் மேசைமேல் கிடக்கிறது. ஒரு சாண் நீளம் இருக்கும். முகர்ந்து பார்த்தால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எரிந்த டீசலின் நெடி லேசாக அடிக்கிறது. உன் காரியத்துக்கு நாகலூர் வந்தபோது உன் மனைவி கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது, மாப்ளே.

மலைமேல் நம் காப்பி எஸ்டேட்டுக்கு டர்போ வைத்த லாரி முதன்முதலாக வந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். நீ டிரைவர், நான் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர். சேலத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தால் எஞ்சின் பக்கம் நிற்க முடியாது. "நான் லாரி ஓட்டறனா, செங்கச் சூளை ஓட்டறனா?" என்று கேட்டாய். எஞ்சினை விட்டு வெளியேறும் புகையின் சூடு எல்லை மீறினால், அந்தப் புகையில் சுழன்று இழுவை கூட்டுகிற டர்போ போய்விடும், பிஸ்டன் உருகிவிடும். அந்தச் சூட்டைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இல்லையே என்பதுதான் உன் புலம்பல்.

வழி என்னிடம் இருந்தது. மழைக்காலத்தில் காப்பிக்கொட்டை உலர்த்துகிற டிரையர் பழுதாகி மூலையில் கிடந்தது. அதன் அடுப்புச் சூட்டைக் காட்டும் மீட்டரைக் கழற்றினேன். டர்போவுக்கு முன்னால், புகைக்குழாயில் துளை போட்டு, மீட்டருக்குச் சூட்டை எடுத்துச் சொல்கிற இந்தக் கம்பியை மூன்று விரற்கடை உள்ளே இறக்கினேன். மீட்டர் உன் ஸ்டீயரிங் பக்கத்தில் உட்கார்ந்தது. அதில் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் பெயிண்டில் இழுத்தது நீ.

அப்புறம் நீ ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்க்கிறாய் என்று எல்லோரும் கேலி செய்தோம். முள் சிவப்பை நெருங்கினால் கியரைக் குறைப்பாய், காலைத் தளர்த்துவாய், முள் இறங்கும். மேலே வந்து சேர்ந்தாலும் எஞ்சினை உடனே நிறுத்த மாட்டாய். "கொஞ்சம் மூச்சு வாங்கட்டும், உடுங்க" என்று லோடுமேன்களைக் காக்க வைப்பாய்.

மேனேஜருக்கு அது ஆகவில்லை. பக்கத்து எஸ்டேட் லாரி இரண்டு நடை அடிக்கிற நேரத்தில் நம் லாரி ஒரு நடைதான். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முள்ளைப் பாத்துத்தானே அவன் ஊர்ந்து வர்றான்? முள்ளு ஏறாத மாதிரி பண்ணு. அவனுக்குத் தெரியக்கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "மேஸ்திரி வேலை காலியாத்தான் இருக்குது" என்றார்.

"சரிங்க" என்றேன். த்தூ! ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. கம்பியை வெளியே இழுத்து, படிந்திருந்த கரியைச் சுத்தமாகத் துடைத்து, நுனி மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்து இறுக்கினேன். புகையில் முங்காத கம்பிக்குச் சூடு எப்படித் தெரியும்? முள் பச்சையிலேயே படுத்துக்கொண்டது. "அட, என்ன பண்ணின மாப்ளே? வண்டி நொம்ப சுளுவா ஏறுதே!" என்று என் முதுகில் தட்டினாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

ஒரு மாதம் தாங்கியது. ஒரு மத்தியானம், முழு லோடோடு பாதி மலையில் எஞ்சின் வெடித்த மாதிரி சத்தம் போட்டு நின்றது. நீ பிரேக்கை மிதித்துப் பிடிக்க, லோடுமேன்கள் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் உருகி வழிந்திருந்தது.

ஆபீசில் விசாரணை. "முள்ளு பச்சையைத் தாண்டவே இல்லைங்க" என்றாய். மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். நீ என் பக்கம் கை காட்டினாய். "அவன் வெச்ச மீட்டருங்க. பொய் சொல்லாது. வேணும்னா அவனையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மீட்டர் சரியாத்தானுங்க இருக்குது. அவன்தான் கவனிச்சிருக்க மாட்டான்" என்றேன்.

அன்றே உன் வேலை போயிற்று. எஞ்சினைத் தீர்த்தவன் என்ற பேர் உனக்கு முன்னால் ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் இந்த மலையில் யாரும் உன்னிடம் லாரிச் சாவியைக் கொடுக்கவில்லை. கடைசி வரை மூட்டை தூக்கினாய். நான் மேஸ்திரி ஆனேன்.

நாகலூர் பக்கம் வரும்போதெல்லாம் என்னை டீக்கடைக்கு இழுத்துப் போவாய். "ஏம்பா மேஸ்திரி, இப்படி எளச்சுட்ட?" என்பாய். உனக்கு ஒன்றும் தெரியாது என்ற தைரியத்தில் நீ வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். இருபது வருடம் குடித்தேன், வெட்கங்கெட்டவன்.

காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மனைவி ஒரு காக்கித் துணிப் பொட்டலத்தை நீட்டினாள். "வேலை போன அன்னிக்கு லாரியிலிருந்து கழட்டிட்டு வந்தாருங்கண்ணா. யாரையும் தொட உடமாட்டாருங்க. உங்ககிட்டக் குடுக்கோணும்னு சொல்லியிருந்தாருங்க."

பிரித்தேன். மூன்று விரற்கடைக்கு இருக்க வேண்டிய கரி, நுனியில் ஒரு நக அளவுதான் இருந்தது. அதைப் பார்த்தால் ஒரு டிரைவருக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆபீசில் ஒரு தடவை காட்டியிருந்தால் உன் பேர் திரும்பியிருக்கும், என் வேலை போயிருக்கும். முதல் டீயிலிருந்தே உனக்குத் தெரியும்.

உன் மகனும் வாசலில் நின்றான். எஞ்சினைத் தீர்த்தவன் மகன் என்று கேட்டு வளர்ந்தவன். "இது என்னங்கண்ணா?" என்று உன் மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, பழைய இரும்பு" என்று சொல்லி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.