இரண்டு இலைக்கு ஒரு ஞாயிறு

பாளையங்கோட்டை
ஐப்பசி 22

அன்பு மகள் அனுராதாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மெல்போர்னில் நீயும் ஹசன் அலியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன். மழை பிடித்துவிட்டது, ஆற்றில் படித்துறை மூழ்கத் தண்ணீர் போகிறது. போனில் சொல்ல வாய் வராத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா ஞாயிறு மத்தியானம் நம் வீட்டில் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு போடுவது உனக்குத் தெரியும். காசு வாங்கிச் சோறு போடுவதா என்று முகம் சுளித்தவன் நான், இப்போது போனில் இடம் பதிவதும் இலை நறுக்குவதும் நான்தான். அந்நியர் முன்னால் வாய் திறக்காதவள் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, போதும் என்று கை மறித்தவர்களையும் இன்னொரு கரண்டி வாங்கவைக்கிறாள். பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருக்கிறது. இவளோடுதான் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேனா என்று தோன்றுகிறது.

போன ஞாயிறுக்கு இடம் பதிந்தவர்கள் ஆசையாகக் கேட்டார்களே என்று அவளிடம் கேட்காமல் சொதி உண்டு என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டு சொதின்னு சொன்னிய என்று அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உன் கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் ஒரு நாள்கூடச் சொதி வைக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் வைக்கிற மறுவீட்டுச் சொதி. உன் கல்யாணத்துக்கு நான் வரவும் இல்லை, அவளை விடவும் இல்லை. எம் பிள்ளைக்கு வைக்காததை ஊராருக்கு வைக்கவா என்று கேட்டாள்.

பிறகு தானே எழுந்து தேங்காய் துருவ ஆரம்பித்தாள். மூன்று பால் எடுத்தாள். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும் இல்லையா, அடுப்பை அணைத்துவிட்டு அதை மெல்ல ஊற்றினாள். திரியவில்லை. பந்திக்கு முன் ருசி பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாதே, வாசனையை வைத்தே உப்பு போட்டு எலுமிச்சை பிழிந்தாள். இலையில் ஊற்றியதும் பன்னிரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாந்தடவை வாங்கினாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் மகளே. தப்பு என்னுடையது, இத்தனை நாள் அதைச் சொல்லவில்லை.

கை கழுவி வந்து அம்மா காலண்டரில் தை மாதம் இரண்டாவது ஞாயிறைச் சுழித்தாள். அன்னைக்கு யாருக்கும் இடம் கொடுக்காதிய, ரெண்டு இலைதான் என்றாள். மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு எழுதச் சொன்னாள். காயல்பட்டினத்துப் பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் புதிதா என்றேன், கேட்காமல் எப்படி வைக்க என்கிறாள்.

காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இருவரும் நீடூழி வாழ்க. டிக்கெட் எடுத்ததும் மாப்பிள்ளையை என்னிடம் பேசச் சொல். அந்த ஞாயிறைக் கேட்பவர்களிடமெல்லாம் இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லி வருகிறேன், என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் அப்பா,
சிவசண்முகம்